பெயர்களைக் காட்டு

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கரியடுப்பின் புகைக்குழாய் இருமுகிறது.
உயிரியல் ஆசிரியைக்குக் காய்ச்சலாம்.
இந்தப் பாடம் வரும்போதெல்லாம் அவளுக்குக் காய்ச்சல்தான்.
எனக்குத் தெரிந்ததோ நெம்புகோலும் கப்பியும்.

இருபத்திரண்டு டேப்லெட்டுகள்.
செயலி ஆளுக்கொரு முகமூடி தருகிறது,
தூங்கும் ஒட்டகம், நீலக் கழுகு, கொம்பொடிந்த யாக்.
கேள்வி மட்டும் சுவரில் விழும்.

தூங்கும் ஒட்டகம்:
‘ஆணுறைக்குக் குளிர்காலத்தில் றோமம் முளைக்குமா?’
தெமூலெனுக்கு முகமூடி எதற்கு,
அவன் எழுத்துப்பிழை விடுதிக்கே தெரியும்.
சிரித்தார்கள். நானும்தான்.

‘மாதவிலக்கில் குதிரை ஏறலாமா?’
ஏறலாம்.
‘ஒரே தடவையில் நோய் தொற்றுமா?’
தொற்றலாம், என்று சொல்லிப் படத்தைப் போட்டேன்.
காது சுட்டது. அடுப்பின் மேல் பழி போட்டேன்.

பிறகு கொம்பொடிந்த யாக்:
‘வேண்டாம் என்றேன். அவன் நிறுத்தவில்லை.
அதுவும் இந்தப் பாடத்தில் வருமா?’

நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை.
இருபத்திரண்டு தலைகளும் ஒரே கோணத்தில் குனிந்திருந்தன.
என் திரையின் மூலையில்
எனக்கு மட்டும் ஒரு பொத்தான்:
பெயர்களைக் காட்டு.

விரல் அதன்மேல் நின்றது.
நின்று, எழுத்துகளுக்கு நகர்ந்தது.
‘வரும். முதல் பக்கத்திலேயே வந்திருக்க வேண்டும்.
தவறு உன்னுடையதல்ல.
செவிலி ஒயுனாவும் நானும்
எட்டு மணிவரை ஆய்வகத்தில் இருப்போம்.’

மூன்று புள்ளிகள் சுவரில்
துடித்தன, அணைந்தன, துடித்தன.
யாக் அல்ல.
தூங்கும் ஒட்டகம்:
‘துணைக்கு நானும் வறுகிறேன்.’

அந்தப் பிழைக்கு
யாரும் சிரிக்கவில்லை.

மணி ஆறரை.
அடுப்பில் இன்னும் இரண்டு கட்டி போட்டோம்.
கதவைச் சாத்தவில்லை.
குளிர் உள்ளே வருகிறது, வரட்டும்.