துக்கம் என்றே நினைத்தோம்

ரொசால்பாவைப் புதைத்துவிட்டுக் குன்றேறி வந்தோம்.
மிஞ்சிய லில்லிப் பூக்களை வீணாக்க மனமின்றி
சமையல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்
பக்கத்து வீட்டு எர்சிலியா.
வால்பரைசோவில் காற்று ஜன்னலிடம் அனுமதி கேட்பதில்லை.
இரவெல்லாம் பூக்கள் அசைந்தன.

விடியலில் முதல் வாந்தி.
முடியுருண்டையாக இருக்கும் என்று துடைத்தேன்.
அவளாக இருந்தால் குனிந்து பார்த்திருப்பாள்.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தேன்.

இரண்டாவது, வெறும் நுரை.
மூன்றாவது, மஞ்சள் நீர், என் செருப்புக்குள்.
அடுத்ததில்
வயிறு எக்கி எக்கி ஒன்றுமே வரவில்லை.

"அவளைத் தேடுகிறது" என்றாள் எர்சிலியா.
"வாயில்லா ஜீவனுக்கும் துக்கம் உண்டு."
துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன் நான்,
எடை தெரியாமல் ஒரு பெட்டியைத் தூக்கியதில்லை.
அன்றைக்கு அந்த வார்த்தையை அப்படியே தூக்கிக்கொண்டேன்.
இதமாக இருந்தது,
வீட்டில் அழ இன்னொரு ஆள்.

மீன் டப்பாவைத் திறந்தேன். முகர்ந்துவிட்டு நகர்ந்தது.
பால் ஊற்றினேன், அது தப்பென்று பின்னால்தான் தெரியும்.
தண்ணீர்க் கிண்ணத்தின் முன்
தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது செனிசா,
குடிக்கவில்லை,
ரத்தான ரயிலுக்குக் காத்திருப்பவனைப் போல.

சாயங்காலம் மடியில் எடுத்தேன்.
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
நகம் காட்டாமல் வந்தது.
அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும்.
பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டேன்.
ரொசால்பா செய்வாள், ஏனென்று கேட்டதில்லை.
தோல் இறங்கவில்லை.
கூடாரமாய் நின்றது.
ஒன்று
இரண்டு
மூன்று எண்ணிய பிறகுதான் மெல்லப் படிந்தது.
உதட்டை விலக்கி ஈறைத் தொட்டேன்.
நக்கிய தபால்தலை போல விரலில் ஒட்டியது.

துக்கம் ஈறை உலர்த்துமா?

குன்றின் தூக்குவண்டியைப் பூட்டிவிட்டார்கள்.
அவளுடைய சந்தைப் பையில் துண்டை விரித்து
செனிசாவை வைத்துக்கொண்டு
இருநூற்றுப் பன்னிரண்டு படி.
நடுவில் இரண்டு தரம் நின்று
பைக்குள் கைவிட்டு மூச்சைத் தேடினேன்.

டாக்டர் யாஸ்னா அடுக்கிக்கொண்டே போனாள்.
எத்தனை தடவை? என்ன நிறம்?
கடைசியாக எப்போது சிறுநீர் போனது?
தெரியாது என்றேன்.
எந்தக் கப்பலில் எத்தனை பெட்டி என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற வாய் இது.
அப்புறம் தாடைக்குக் கீழே விளக்கைப் பிடித்தாள்.
மீசையில், கழுத்தின் வெள்ளையில்
ஆரஞ்சுப் பொடி.
"வீட்டில் லில்லி இருக்கிறதா?"

உடம்பை நக்கிச் சுத்தம் செய்திருக்கிறது, பாவம்,
சுத்தத்தோடு விஷமும் உள்ளே போயிருக்கிறது.
சிறுநீரகத்தைக் குறிவைக்கும் விஷம்.
"மணிக்கணக்குதான் எல்லாம். வாக்குத் தரமாட்டேன்."
முன்னங்காலில் மழித்து ஊசி ஏற்றினாள்.
குழாயில் உப்புநீர்
ஒவ்வொரு சொட்டாய் யோசித்து யோசித்து இறங்கியது.

வீட்டுக்கு வந்து பூக்களைச் செய்தித்தாளில் சுருட்டினேன்.
ஜாடித் தண்ணீரைக் கொட்டினேன்.
மேசையை மூன்று முறை கழுவினேன்,
நான்காம் முறை கழுவும்போது எர்சிலியா எட்டிப் பார்த்தாள்.
"பூ எங்கே?"
சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
இனிமேல் ரொட்டி கொண்டுவா என்றேன்.

மூன்றாம் நாள் நெரிசலான பேருந்தில்
தொலைபேசி அடித்தது.
"மணல் தட்டு நனைந்திருக்கிறது" என்றாள் யாஸ்னா,
"இன்று நன்றாகவே."

பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்:
என் பூனை மூத்திரம் போயிருக்கிறது.
அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.
வாழ்த்தா, அனுதாபமா, விளங்கவில்லை.
அந்த வாரம் எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.