பென்சில் கோட்டுக்கு மேலே

பேனா கூடாது. மையும் கூடவே ஏறிப்போகும்.
பென்சிலால் ஒரு கோடு, வெள்ளைத் தகட்டின்
மாவு உதிராமல்.

இடதில் நியமம்.
நடுவில் அதே நியமம், நூறில் இரண்டாக ஐதாக்கியது.
வலதில் செங்கலடிக் களஞ்சியத்து டொக்ஸிசைக்கிளின்:
வெள்ளம் வடிந்த பின்னும் பதினொரு நாள்
தகரத்தின் கீழ் வெந்த பெட்டி.

மூடியைப் போட்டபின் சும்மா இருக்க வேண்டும்.
எனக்கு வராத வேலை அது.
வயலில் நிற்பவனின் சாரன் கரையில்
ஈரம் ஏறுவது மாதிரி ஏறுகிறது திரவம்;
கூடப் போகிறவை போகின்றன,
தகட்டைப் பிடித்துக்கொண்டவை பிந்துகின்றன.

மறுபடி தவநேசன்:
"மிஸ், நாளைக்கு உறுகாமம் வட்டைக்குள்ள
நூற்றிருபது பேர் இறங்குறாங்க.
எலிக்காய்ச்சலோட ரெண்டு பேர் வார்ட்டில.
குளிசையைக் குடுக்கட்டா?"
தகடு காயட்டும் என்றேன்.

கரண்ட் போனது. நல்லதாய்ப் போயிற்று.
பற்றரி விளக்கின் ஊதாவில்
மஞ்சள்கள் எரிந்தன, ஒரே உயரத்தில் மூன்று.
வலதில் மட்டும் அதற்குக் கீழே இன்னொன்று,
பெயர் சொல்லாமல்.

நடுவிலிருப்பதைவிட மங்கல்தான் என்கிறாள் றிஸ்மியா.
எனக்குச் சமமாகத் தெரிகிறது.
இடம் மாறி நின்று பார்த்தோம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
இப்போது அவளுக்குச் சமம்,
எனக்கு மங்கல்.

இரண்டு வீதத்துக்குக் கீழென்றால் ஆயிரம் குளிசைகள் போகும்.
மேலென்றால்,
நாளை வெறுங்காலோடு இறங்குவார்கள்.

"மறுகா ஒரு தகடு வைப்பம்" என்றாள்.
ஐம்பது நிமிடம்.
மேசையில் தவநேசனின் பெயர் ஒளிர்ந்தது.
இருட்டுக் கெட்டுப்போகும் என்று
போனைக் கவிழ்த்து வைத்தேன்.