இரண்டு பனியன்

பணகுடிக் காற்றாலையில்
எண்பது மீட்டர் ஏறுகிறவன் நான்.
ஏணியில் பயமில்லை.
பயமெல்லாம் தரையில்,
பாதுகாப்பு வாரை மாட்டும் அந்த ஒரு நிமிடத்தில்.
நெஞ்சின் குறுக்கே வார் இறுகும்போது
இரண்டு பனியனையும் மீறி
எழும்பித் தெரியும்.
"ஏல வெயிலுமுத்து, ஒனக்கு மட்டும் ரெண்டு உருப்படி கூடுதலால?"
என்றான் ஒருத்தன், சேர்ந்த முதல் வாரம்.
சிரித்தேன்.
சிரிக்காவிட்டால் அதுவே பெயராகிவிடும்.
சிரித்தும் ஆகிவிட்டது.

எட்டு வருடமாக மணிமுத்தாறு அருவியில்
பைகளுக்குக் காவல் நான்.
யார் பையில் என்ன எண்ணெய்,
யார் உள்ளாடையில் ஓட்டை,
எல்லாம் தெரியும்.
தண்ணீர் எப்படி விழும் என்பதை மட்டும்
சத்தத்தில் வைத்திருக்கிறேன்.

தபாலாபீசில் சேர்த்த பணம் பைக்குக்கு என்று
வீட்டில் சொல்லியிருந்தேன்.

வண்ணார்பேட்டையில் முதல் டாக்டர்
போனில் படம் தள்ளினார்.
தலையில்லாத மார்புகள். முன், பின், முன், பின்.
எனக்கு நிழல் பார்க்கத் தெரியும்;
கோபுரத்து நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து
மணி சொல்லுகிற சோலி.
'முன்' படத்துக்கு விளக்கு உச்சியில் எரிகிறது.
'பின்' படத்துக்கு நேர் எதிரே.
நிழலைத்தான் அறுத்திருக்கிறார்களோ என்று தோன்றியது.
"கத்தி பிடிக்கது யாரு சார்?"
"எங்க டீம்."
டீமுக்குக் கை எத்தனை என்று கேட்க வாய் வரவில்லை.

ஜங்ஷன் பக்கம் இன்னொருவர்.
தீபாவளிக்குள் என்றால் பத்து பர்சென்ட் கழிவு என்றார்.
எழுந்து வந்துவிட்டேன்.

முருகன்குறிச்சியில், மாடியில்,
டாக்டர் செய்யதலி பாத்திமா.
பெஞ்சில் எனக்கு ஒருபக்கம் சுடுதண்ணி கொட்டிய பிள்ளை,
மறுபக்கம் கதிரடிக்கும் மிஷினில் விரலைக் கொடுத்தவர்.
யாரும் என் நெஞ்சைப் பார்க்கவில்லை.
அவரவருக்கு அவரவர் கட்டு.

பொம்பளை டாக்டர் என்று படியிலேயே
இரண்டு தடவை திரும்பினேன்.
"தொடலாமா?" என்று கேட்டார்.
இதுவரை யாரும் கேட்டதில்லை,
கிள்ளினவர்கள் உட்பட.

"வெறும் கொழுப்பில்ல. காம்புக்கடியில சுரப்பி இருக்கு.
என்ன மாத்திரை சாப்பிடுதீங்க?
ஜிம் பவுடர் உண்டா?
விதைப்பையும் பார்க்கணும், பெரிய டாக்டர்ட்ட எழுதித் தாரேன்.
ரத்தம் பார்த்துட்டு வாங்க.
அதுவரைக்கும் கத்திப் பேச்சு வேண்டாம்."

பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வந்ததைப் படித்தேன்.
"எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"
"அறுபத்து மூணு."
"எத்தனை பேருக்குத் தப்பாப் போச்சு?"
பேனாவை மூடி வைத்தார்.
"மூணு பேருக்கு ரத்தம் கட்டி, அன்னைக்கு ராத்திரியே மறுபடி திறந்தேன்.
ஒருத்தருக்குக் காம்பு உள்ள அமுங்கிட்டு.
தொடு உணர்ச்சி முழுசா திரும்பும்னு
யாருக்கும் சத்தியம் பண்ணினதில்ல."
கொஞ்சம் நிறுத்தினார்.
"அந்த ஒருத்தர் இப்பவும் வருவார்.
வந்து திட்டிட்டுப் போவார்."

அந்த ஆளை நினைத்தபடியே
கீழே லேபுக்கு இறங்கினேன்.
திட்டப் போனால் கதவு திறந்திருக்கிறது.
நாற்காலி போடுகிறார்கள்.
உள்ளே இருப்பவர் ஓடிப்போகவில்லை.
முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு
என் டாக்டர் இவர்தான் என்று
யாரிடமும் சொல்லாமல் சொன்னேன்.
அவருடைய படச் சுவரே இல்லை, பாருங்கள்.
ஒரு காலண்டர். அதுவும் போன மாசத்துத் தாள்.

நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம்.
நாங்குநேரி தாண்டியபின் அந்தத் தாளைப் பிரித்தேன்.
தொகை, மயக்க மருந்து கொடுப்பவர் பெயர்,
கோபுரம் ஏறக் கூடாத நாட்கள்,
கடைசி வரியில்:
ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம்
இறுக்கமான பனியன், இரவும் பகலும்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
"என்ன தம்பி?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.
ஒண்ணுமில்ல அண்ணாச்சி,
ஒரு பனியன் கணக்கு.
வள்ளியூருக்கு அப்பால் வரிசையாக
சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.
ஏழாம் நம்பர் எரியவில்லை.
நாளைக்கு நான்தான் ஏற வேண்டும்.