கால்

காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, நள்ளிரவு.
ஃபைரூஸா போர்வையை விலக்கி
பத்தாம் எண் ஸ்பேனரை எடுக்கிறாள்.
முழங்காலுக்குக் கீழே நான்கு எஃகு வளையங்கள்,
சதையைத் துளைத்து எலும்புக்குள் போகும் கம்பிகள்.
நட்டுக்குக் கால் சுற்று.
கால் மில்லிமீட்டர்.

காலுக்கும் கால்பங்குக்கும்
ஒரே சொல் வைத்திருக்கும் மொழியில் இதை எழுதுகிறேன்.
செல்யாபின்ஸ்க்கில் அவளுக்கு அது தெரியாது.
ஆறாம் மாடி ஜன்னலுக்கு வெளியே
மியாஸ் ஆறு உறைந்து கிடக்கிறது.

கிரேன் ஓட்டுபவள்.
அறுபது மீட்டர் உயரக் கூண்டில் இருந்தபடி
வடத்தின் முறுக்கைக் காதால் அறிவாள்.
அவள் அறிந்தவரை
இழுபடுவதெல்லாம் தேயும், இழையிழையாக அறும்.
இத்தனை இழை போனால் கழற்றிப் போடு என்று
விதியே இருக்கிறது.

இங்கே தலைகீழ்.
எலும்பை வேண்டுமென்றே அறுத்து
ஏழு நாள் சும்மா விட்டார்கள்.
பிறகு, பிரி என்றார்கள். மெல்ல.
விபத்தில் போன நான்கு சென்டிமீட்டர்
அந்தப் பிளவிலிருந்தே வரவேண்டும்.

உள்ளே இருட்டு.
உயிரணுவுக்குக் கண்ணில்லை, காதில்லை.
பிடித்துக்கொள்ள ஒரு நார் இருக்கிறது.
நார் இழுபட்டால்
அதன் கரு வரைக்கும் இழுபடுகிறது.
இழுப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பி
வரிசையாகப் படுத்துக்கொள்கிறது.
எலும்பாகு என்று யாரும் சொல்லவில்லை.
இழுத்தார்கள், அவ்வளவுதான்.

அதற்கும் அளவுண்டு.
பக்கத்து வார்டு க்ளேப், ஹாக்கி கோல்காப்பாளன், பத்தொன்பது வயது.
வசந்தத்துக்குள் பனிக்களத்தில் இறங்க வேண்டுமாம்.
விளக்கணைந்த பிறகு திருட்டுத்தனமாக ஒரு சுற்று,
இன்னும் ஒரு சுற்று.
எக்ஸ்ரேயில் இரண்டு முனைகள், நடுவே கறுப்பு.
ஃபைரூஸாவின் படத்தில் அதே இடத்தில்
கண்ணாடியில் ஊதிய மூச்சுபோல் ஒரு வெண்மை.
மருத்துவர் அவனைத் திட்டவில்லை.
"திரும்ப நெருக்கு. முதலிலிருந்து."

வலிக்கிறதா என்றால், வலிக்கிறது.
ஒவ்வொரு சுற்றுக்கும் பின் அரை மணி நேரம்
தொடை வரை யாரோ கம்பியைச் சுண்டுகிறார்கள்.
அதோடு நடக்கவும் வேண்டும்,
ஊன்றுகோலிலிருந்து பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக்
காலுக்கு இறக்கி.
கான்கிரீட்டைத் தொடாமல் விட்டால்தான் இறுகும்,
இது மிதித்தால்தான் இறுகுமாம்.
அவளுக்கு இன்னும் அது சிரிப்பாக இருக்கிறது.

நள்ளிரவில் வராந்தா முனையில் க்ளேப்.
கையில் அவன் ஸ்பேனர்.
"நீ வைத்துக்கொள்.
ஆறு மணிக்குக் கேட்டால் கொடு.
நடுவில் கேட்டால், தூங்குவதுபோல் இரு."

தலையணைக்கடியில் இரண்டு ஸ்பேனர்கள்.
புரண்டால் உரசிச் சத்தமிடுகின்றன.
புரளாமல் கிடக்கிறாள்.
தொண்ணூற்றிரண்டு ஆயிற்று.
இன்னும் அறுபத்தெட்டு கால்.