இருபதிலிருந்து எண்பது வரை

கொன்சுவேலோவைத் தாண்டி, கரும்பு வண்டிகளின் பின்னால்
ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தேன். காலை ஏழு.
இதுதான் மைதானம் என்றார்கள்.
நடுக்களத்தில் ஒரு மாடு நின்று
என்னை அளந்தது.

எங்கள் அளவுகோல் இருபதில் தொடங்கும், எண்பதில் முடியும்.
பூஜ்யம் கிடையாது, நூறும் கிடையாது.
ஏன் என்று இருபத்திரண்டு வருஷமாய் நான் கேட்டதில்லை.
எவன் பெயருக்கு எதிரிலும் ‘ஒன்றுமில்லை’ என்று
எழுதிவிடக் கூடாதே என்பதற்காக இருக்கலாம்.

பையன் பெயர் யெரியல். காகிதத்தின்படி பதினாறு.
காகிதம் புத்தம் புதியது.
மணிக்கட்டு மெலிந்து, கை நீண்டு,
சட்டைக்குள் இன்னொருவன் வந்து குடியேற
இடம் காலியாக இருந்தது.
அறுபது கஜம் ஓடினான், ஆறு புள்ளி ஆறு நொடி.
கால்: அறுபது.

பிறகு ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தினார்கள்.
ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் குனிந்து
ஒரு கல்லைப் பொறுக்கிப் பின்னால் வீசினான்.
பொறுக்கித் தீருகிற மைதானமா அது?
பதினோராவது பந்து, அவன் பொறுக்காத கல்லில் பட்டு
எகிறி உதட்டைக் கிழித்தது.
எறிந்தான். முதலில் எறிந்தான்.
முதல் பேஸில் க்ளவ் ‘தப்’பென்ற பிறகுதான்
நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தான்.
கை: அறுபது. தோள்: ஐம்பத்தைந்து.
உதட்டுக்குக் கட்டம் இல்லை.

மட்டை பிடித்ததும் ஃபௌஸ்தோ தானே பந்து போட வந்தான்.
மூன்று வருஷம் பையனுக்குச் சோறும் படுக்கையும் தந்தவன்.
ஒப்பந்தம் கையெழுத்தானால் நூற்றுக்கு முப்பது அவனுக்கு.
போட்டான், போட்டான், எல்லாம் நேர்ப்பந்து,
இலையில் எது எங்கே என்று தெரிந்து பரிமாறுகிறவன் மாதிரி.
பையன் ஏழு பந்தைக் கரும்புக்குள் தொலைத்தான்.
தேடப் போன சின்னப் பயல்கள் திரும்பும்போது
கையில் பந்து இல்லை, வாயில் கரும்பு.

“வளைபந்து போடு” என்றேன்.
“தோள்பட்டை வலி, லிசாந்த்ரோ.”
“வேறு யாராவது?”
“இன்றைக்கு யாரும் வரவில்லை.”
வேலியோரம் ஆறு பேர் நின்றிருந்தார்கள்,
அவரவர் ஷூவை அவரவர் பார்த்தபடி.

நானே இறங்கினேன்.
என் தோளில் இரண்டு தழும்பு உண்டு,
பெரிய லீகுக்கு இரண்டு படி கீழே
நின்றுபோன பயணத்தின் டிக்கெட்.
முதல் பந்து: அவன் சுழற்றியபோது பந்து அங்கே இல்லை.
இரண்டாவது: முட்டி மடங்கியது, மட்டை கையை விட்டுப் பறந்தது.
ஃபௌஸ்தோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்,
தன் முப்பது பங்கும் வெயிலில் ஆவியாவதைப் பார்த்துக்கொண்டு.
மூன்றாவது,
நானே சொல்லக் கூடாது, அழகாக விழுந்தது.
இருபத்து மூன்று வயதில் அப்படி விழுந்திருந்தால்
இந்த மாட்டோடு எனக்கென்ன வேலை?

பையன் அசையவில்லை.
மட்டை தோளிலேயே இருந்தது. தலை மட்டும் திரும்பியது
என் விரலிலிருந்து கேட்சரின் க்ளவ் வரை.
தெருவில் போகிறவனைப் படுத்தபடியே பார்த்து
குரைக்காமல் விடுகிற நாயைப் போல
பார்த்து அனுப்பினான்.
கிழிந்த உதட்டோடு சிரித்தான்:
“ஓ, அதுவா!”

நாலாவது போட என்னால் முடியவில்லை.

வண்டியில் உட்கார்ந்து எழுதினேன்.
அடிக்கும் திறன், இன்று: முப்பது.
நாளை என்ற கட்டத்தில் பேனா நின்றது.
ஐம்பது என்று எழுதி, அடித்து,
மறுபடியும் ஐம்பதே எழுதினேன்.
எதை வைத்து என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள்.
அடிக்காமல் விட்ட ஒரு பந்தை வைத்து என்றால்
சிரிப்பார்கள்.
அதையும் எழுதினேன்.

இரவு விடுதியில் பல் விளக்க வலக்கை எழவில்லை.
இடக்கையால் விளக்கினேன், படுமோசம்: இருபது.
நாளைக்கு ஆத்தோ மாயோர் போக வேண்டும்.
அங்கே ஒரு கேட்சர் இருக்கிறானாம், இடக்கைக்காரன்.
இடக்கைக் கேட்சரை எவனும் வாங்குவதில்லை.
ஐந்தரைக்கு அலாரம் வைத்தேன்.