கடைசி வரிசை

பிரிஸ்பேனில் ஜூலை, குளிர்.
இரவு ஷிஃப்டில் நானும் நாற்பத்திரண்டு டன்னார்ட்டுகளும்.
சுண்டெலி மாதிரி இருக்கும், எலியில்லை,
வயிற்றில் பை தைத்துக்கொண்ட சாதி.
பதின்மூன்றே நாளில் பெற்றுப் போடும்.
பெற்றதா அது?
அரை அரிசி அளவில் ஒரு வாய்,
ஏறிவர இரண்டு முன்னங்கை.
மூளையின் மேற்புறணிக்கு
இன்னும் வானம்கூடத் தோண்டவில்லை.
மீதி வீடு முழுக்கப் பைக்குள்தான் எழும்பும்,
பால் குடித்தபடியே.

"பிறந்தநாளை முதலில் அடித்துவிடு" என்றாள் யெலீனா பாபிச்,
நான் சேர்ந்த வாரம்,
அட்டவணையை என் பக்கம் தள்ளி.
கினிப்பன்றி கண் திறந்தே வருகிறது,
வந்த கையோடு புல் மெல்லுகிறது.
ஃபெர்ரெட்டுக்கு ஒரு மாதம் இருட்டு;
அதன் மூளை வழவழவென்று வெளியே வந்து
பிறகுதான் மடிப்புப் பிடிக்கிறது.
நம் மடிப்புகளோ
வயிற்றுக்குள்ளேயே விழத் தொடங்கிவிடும்.
எங்கே வந்து விழுகிறது பிறப்பு என்பதில்
ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதே இல்லை.

ஆனால் வரிசை,
அது பெரும்பாலும் பிசகாது.
அடியடுக்கு முதலில்.
பிந்தி வந்த செல்
முந்தி வந்ததைத் தாண்டி மேலேறி உட்காரும்.
எலி அதை நாட்களில் முடிக்கும்,
நாம் மாதங்களில்.
பாட்டு ஒன்று, தாளம் வேறு என்று எழுதி
அழகாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு
அழித்தேன்.

இரண்டு நாற்பதுக்கு டெக்லன் கூப்பிட்டான்.
பதினேழு வயது. லைசென்ஸ் வாங்கி ஐந்து வாரம்.
"அம்மா, ஃபலெமாவோ வீட்டு லெட்டர்பாக்ஸ்..."
"இடித்துவிட்டாயா?"
"ரிவர்ஸில்தான்."
ரிவர்ஸில் இடித்தால் பாதிக் குற்றம் போல.
"எங்கே போகக் கிளம்பினாய், இந்நேரத்தில்?"
யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.
"தெரியலை."

அட்டவணையின் கடைசி வரிசை
நெற்றிக்குப் பின்னால் நரம்புகளுக்கு உறை ஏறுவது.
எலிக்கு வாரக் கணக்கு. குரங்குக்கு ஆண்டுக் கணக்கு.
மனிதக் கட்டத்தில் யெலீனாவின் பென்சில்
"இருபதுக்கு மேல்" என்று எழுதி,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு,
அதன் மேல் காபி சிந்தியிருக்கிறது.

"அடிபட்டதா உனக்கு?"
"இல்லை. லெட்டர்பாக்ஸுக்குத்தான்."
"இறங்கு. சாவியைச் சமையல் மேடையில் வை.
விடிந்ததும் அவர்கள் கதவைத் தட்டு,
நானில்லை, நீ."

போனை வைத்துவிட்டு
பதினெட்டாம் கூண்டின் தாயைத் திருப்பினேன்.
பைக்குள் ஏழு.
ஆளுக்கொரு காம்பைக் கவ்வியபடி,
கண்ணில்லை, அவசரமில்லை.
எண்ணி எழுதினேன்.

வலது கால் வலித்தது.
பேசி முடியும் வரை
மேசைக்கடியில், வெறும் தரையில்
பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.