ஆயிரத்து நானூறு

முதலில் குழாயில் மிச்சமிருப்பதை
உள்ளே இழுக்க விடு.
அப்புறம் சுவரில் இருக்கும் திருகை மூடு.
சத்தம் உடனே அடங்காது.
புட்டி காலியான பிறகும்
வாயை எடுக்காத பிள்ளைபோல
இழுத்துக்கொண்டே இருக்கும்.
நிற்கட்டும், பொறு.
அவசரப்பட்டவள் ஒருத்தி
போன புரட்டாசி விரதத்தில்
கண்ணில் தெறித்துக்கொண்டு
இருபத்தெட்டு நாள் மாத்திரை விழுங்கினாள்,
குமட்டிக் குமட்டி.
அவள் நான்தான்.
அன்றிலிருந்து ஒவ்வொரு படியையும்
எனக்கு நானே முணுமுணுத்துக்கொள்கிறேன்,
முகக்கவசத்துக்குள் யாருக்கும் கேட்காமல்.

எண்ணைப் படி.
முழங்காலை மடக்கிக்
கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் படி.
நின்றபடி பார்த்தால் ஐம்பது கூடிப்போகும்.
ஆயிரத்து நானூறு.
கழுவ ஊற்றிய உப்புநீர் எண்ணூறு.
மீதி அறுநூறு அந்த மனிதருடையது.
மயக்க மருந்து டாக்டர் எழுதிக்கொள்கிறார்.

ஒன்பதே காலுக்கு மின்சாரம் போனது.
டர்பனில் அது பட்டியல் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் போகும்.
விளக்கு பேட்டரியில் நின்றுகொண்டது.
உறிஞ்சும் ஓசை மட்டும் இல்லை.
ஜெனரேட்டர் இருமி எழுந்திருக்கப் பதினோரு நொடி.
பெரிய டாக்டர் கையை அசைக்கவில்லை.
குழாயில் ஏறிக்கொண்டிருந்தது
பாதி வழியில் நின்று
திரும்பிவிடலாமா என்று யோசித்தது.

சரி. குழாயைக் கழற்று.
வயிற்றுக்குள் போய்வந்த நுனி இன்னும் ஈரம்.
உதறாதே.
தளர்வாகச் சுருட்டு.
திறந்த வாய்க்கு
அதன் பக்கத்திலேயே தொங்கும் மூடியை அழுத்து.
டொக்.
கேட்டாலும் இன்னொரு தடவை அழுத்து.
உள்ளே போட்ட பொடி வேலைசெய்ய
ஐந்து நிமிஷம்.
தளும்பியது தளும்பாமல் உறைகிறது.
எதைப்போல என்று சொல்லமாட்டேன்,
வீட்டில் அதைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிடியைப் பற்றி நேராகத் தூக்கு,
இன்னொரு கை அடியில்.
நெஞ்சோடு அணைக்காதே.
கனமாக எதைத் தூக்கினாலும்
கை தானாக நெஞ்சுக்குத்தான் கொண்டுபோகும்.

ஸோட்வா சிவப்புப் பெட்டியைத் திறந்து பிடித்திருக்கிறாள்.
"ஹம்பா கஹ்லே" என்கிறாள் பையிடம்.
நல்லபடியாகப் போ.
எல்லாப் பைக்கும் சொல்வாள்.
என் மொழியில் வெறும் போ என்றால் அது விரட்டுவது.
போய் வா என்றுதான் வாயில் வரும்.
இதனிடம் எப்படி வா என்பது?
நான் பெட்டியின் மூடியை மட்டும் அழுத்துகிறேன்.

கையுறையை உட்புறம் வெளியே வர உரித்து
கை கழுவித் திரும்பினால்
நடையில் அவரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.
அட்டையில் சின்னப்பன் வீரன், சாட்ஸ்வொர்த், அறுபத்தெட்டு.
காலையில் கையெழுத்துப் போடும்போது
இங்கிலீஷ் தவிர வேறொன்றும் பேசவில்லை.
இப்போது பாதி மயக்கத்தில்,
யாரை நினைத்தோ,
"வரேம்மா" என்றார்.

"வராதீங்க" என்றேன்.
சிரித்தாரோ, உதடு வறண்டு இழுத்ததோ.

புதுப் பையை விரித்துக் குடுவைக்குள் வை.
விளிம்பு சுற்றிலும் பதிந்ததா பார்.
திருகைத் திற.
கசங்கிக் கிடந்த பை
மூச்சை இழுத்துக்கொண்டு
சுவரோடு ஒட்டுகிறது.
முழங்காலை மடக்கி
ஒன்றுமில்லாத மட்டத்துக்குக்
கண்ணை இறக்குகிறேன், பழக்கத்தில்.
வெளியே அடுத்த கட்டிலின் சக்கரம்.